சென்னை மேடைக்கு விமர்சனம் எழுதுவது: கேள்வி பதில்

நாடகம் நடக்கும்போதே குறிப்பு எடுக்கலாமா? – மாணவி, தாம்பரம்

எடுங்கள். கைபேசியில் மட்டும் வேண்டாம். அந்த வெளிச்சம் பின்வரிசைக்காரர் கண்ணைக் குத்தும். சின்ன நோட்டு, பென்சில் போதும். தாளைப் பார்க்காமல், பக்கத்துக்கு இரண்டே வரி, பெரிய எழுத்தில். அன்றிரவே விரித்து எழுதிவிடுங்கள். காலையில் ‘கிழவர், செருப்பு’ என்ற குறிப்பு எதற்கென்றே புரியாது.

அடுத்த காட்சியே இல்லாத நாடகத்துக்கு விமர்சனம் யாருக்காக? – வாசகர், அம்பத்தூர்

இந்தக் கேள்வி என்னையும் பல நாள் வாட்டியிருக்கிறது. இங்கே ஒரு நாடகம் ஒரே அரங்கில் மாதக்கணக்கில் ஓடுவதில்லை. சபா நாடகம் இன்று மயிலாப்பூர், பிறகு தியாகராய நகர் என்று சுற்றும். நவீன நாடகத்துக்கு இரண்டு மூன்று காட்சி கிடைத்தாலே பெரிது. ஆகவே டிக்கெட் வாங்கலாமா என்று சொல்வதோடு நம் வேலை முடிவதில்லை; அன்று மாலை நடந்ததற்கு நாம்தான் சாட்சி. 1978இல் எழுத்தாளர் ஞாநி தொடங்கிய பரீக்ஷா போன்ற நாடகக் குழுக்கள் நடித்த நாடகங்கள் சில அச்சில் கிடைக்கும். நடிகர் எந்த வரியில் மௌனமானார் என்பதை அச்சில் தேட முடியாது.

‘அருமையான நடிப்பு’ என்று எழுதினால் ஒன்றும் மிஞ்சாது. அண்மையில் பார்த்த ஒரு நாடகத்தில், மகன் வரமாட்டான் என்று தெரிந்த தாய் அழவில்லை. இரண்டு தட்டு வைத்தவள் ஒன்றை எடுத்து, சுத்தமாக இருந்ததையே புடவைத் தலைப்பால் துடைத்து, அலமாரியில் திரும்ப வைத்தாள். அந்தத் துடைப்பை எழுதுங்கள்.

சிரிப்புத் துணுக்குகளைக் கோத்துக் கட்டிய ‘துணுக்குத் தோரண’ நாடகங்களை எப்படி எடைபோடுவது? – வாசகர், நங்கநல்லூர்

சிரிப்பை இளப்பமாக நினைக்காதீர்கள். கூட்டம் வசனத்துக்குச் சிரித்ததா, அதற்கு முன் நடிகர் விட்ட இடைவெளிக்கா என்று கவனியுங்கள். தொங்கும் மைக்குக்குக் கீழே எல்லோரும் வரிசைகட்டி நின்று பேசினால், அது குறைதான், எழுதுங்கள்.

எங்கே உட்காருவது? – வாசகி, வேளச்சேரி

நடுவரிசையில். எழும்பூர் அருங்காட்சியக அரங்கு 1896இல், மைக் இல்லாத காலத்தில் கட்டியது. அத்தகைய இடத்தில் கடைசி வரிசையிலும் சற்று நேரம் இருந்து பாருங்கள். குரல் எட்டுகிறதா என்பது முன்வரிசைக்குத் தெரியாது.

நண்பர் நடித்த நாடகத்துக்கு எழுதலாமா? – பெயர் வேண்டாம்

வேண்டாம். எழுத வேறு ஆளே இல்லையென்றால், முதல் வரியிலேயே நட்பைச் சொல்லிவிடுங்கள். இலவச அழைப்பில் போனாலும் அப்படியே.

நவீன நாடகம் பற்றி எழுத, தெருக்கூத்தும் பார்க்க வேண்டுமா? – மாணவர், பெரம்பூர்

கட்டாயம். கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசை கிராமத்துத் தெருக்கூத்தில் மனதைப் பறிகொடுத்தவர். அந்த வேரைப் பார்க்காமல் அவருடைய நடிகர்களின் உடல்மொழியை ‘வினோதம்’ என்று எழுதிவிடுவோம். நானே ஆரம்பத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். புரிசைக்குப் போய் விடியவிடிய உட்காருங்கள். இருவர் பிடித்த திரைக்குப் பின்னே சலங்கை மட்டும் கேட்கும். அரசன் முகம் காட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான் என்று பாருங்கள்.