ரோசி எந்த கோட்டாவில் வந்தார்?

கேள்வி: ஆஸ்கருக்குப் போகிற படத்தில் இத்தனை பெண்கள், இத்தனை கறுப்பர்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்களாம். கலையிலுமா இடஒதுக்கீடு? திறமை இருந்தால் தானாக மேலே வரமாட்டார்களா? அமெரிக்காக்காரனின் நிறச் சண்டைக்கும் நம் குமரி மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? போன இதழில் இதற்காக ஒரு முழுப் பக்கத்தை வீணடித்திருக்கிறீர்களே!
— ஒரு வாசகர், தக்கலை

பதில்: அந்தச் சட்டத்திலிருந்தே ஆரம்பிப்போம். 2020-ல் ஆஸ்கர் அகாடமி அறிவித்து, 2024 விழாவிலிருந்து நடைமுறைக்கு வந்த விதி அது. சிறந்த படம் என்ற ஒரே ஒரு விருதுக்குத்தான் பொருந்தும். நடிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு எதற்கும் கிடையாது. மொத்தம் நான்கு நிபந்தனைகள், அதில் ஏதாவது இரண்டு தேறினால் போதும். திரையில் தெரிகிறவர்களைப் பற்றியது ஒன்றுதான். மற்ற மூன்றும் கேமராவுக்குப் பின்னால் வேலை செய்கிறவர்கள், சம்பளத்தோடு பயிற்சிக்கு வருகிறவர்கள், விளம்பரமும் விநியோகமும் பார்க்கிறவர்கள் பற்றியவை. ஆக, ஒரு கறுப்பர்கூடத் தலைகாட்டாமலே ஒரு படம் தேறிவிடலாம். விதி வந்த முதல் வருடம் சிறந்த படம் எது? ‘ஓப்பன்ஹைமர்’. வெள்ளைக்கார ஆண்கள் கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசுகிற படம். (நல்ல படம்தான், அது வேறு விஷயம்.) இந்த விதியால் எந்தத் திறமைசாலியின் சோற்றில் மண் விழுந்தது என்று விசாரித்துச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இது பல் இல்லாத விதி. 2015, 2016 இரண்டு வருடமும் நடிப்புக்கான இருபது பரிந்துரைகளும் வெள்ளையருக்கே போய், ஊர் சிரித்த பிறகு வந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தக்கலையில் பஸ் ஏறி நாகர்கோவிலில் இறங்கி, அங்கிருந்து கன்னியாகுமரிப் பக்கம் போனால் அகஸ்தீஸ்வரம். மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் கொண்டாடுகிற ஜே.சி. டானியேல் அந்த ஊர்க்காரர். 1975-ல் இறந்ததும் அங்கேதான். சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ போட்டு, ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படத்தை எடுத்தார். வெளியானது 1928 என்பார்கள், 1930 என்றும் ஒரு கணக்கு உண்டு. கதாநாயகிக்கு ஆள் கிடைக்கவில்லை. நாடகத்தில்கூடப் பெண் வேஷத்தை ஆண்களே கட்டிக்கொண்டிருந்த காலம். பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை என்று சொல்வார்கள். கடைசியில் ரோசி வந்தார். புல்லறுத்துப் பிழைத்த தலித் பெண். ஆனால் காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பாடித் தேர்ந்தவர். காக்காரிசி தெரியும்தானே? தமிழும் மலையாளமும் கலந்து, ஏறக்குறைய நானும் நீங்களும் சந்தையில் பேசுகிற மாதிரியே இருக்கும்.

கொஞ்சம் கவனியுங்கள். இங்கே கோட்டா இல்லை, விதி இல்லை, கமிட்டி இல்லை. நடிக்கத் தெரிந்தது, நடித்தார். நீங்கள் கேட்கிற உலகம் இதுதான். அதில் என்ன நடந்தது தெரியுமா?

படத்தில் அவருக்கு நாயர் பெண் வேஷம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் முதல் காட்சி. அந்தப் பெண் வந்தால் நாங்கள் உள்ளே வரமாட்டோம் என்றார்கள் பெரிய மனிதர்கள். தான் நடித்த படத்தின் முதல் காட்சியை அவரால் பார்க்க முடியவில்லை. அவர் கூந்தலில் இருந்த பூவைக் கதாநாயகன் முத்தமிடுகிற இடம் வந்ததும் கூட்டம் கல்லை எடுத்தது. திரை கிழிந்தது. அப்புறம் ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு லாரியில் ஏறித் தப்பியவர், அந்த லாரியை ஓட்டியவரையே கல்யாணம் செய்துகொண்டு, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார். மறுபடி கேமரா முன்னால் நிற்கவே இல்லை.

அவர் தமிழ்நாட்டுக்கு ஓடிப்போனார் என்று எழுதுகிறார்கள். அப்போது நாகர்கோவிலும் திருவிதாங்கூர்தான் ஐயா. நாம் இந்தப் பக்கம் வந்தது 1956-ல். ரோசி எந்த எல்லையையும் தாண்டவில்லை. அதே சமஸ்தானத்தில், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு ஒளிந்திருந்தார்.

யார் எதை உடுக்கலாம் என்பதற்கே அடிதடி நடந்த மண் இது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போட ராஜாவின் உத்தரவு கிடைத்தது 1859-ல். எழுபது வருடம் கழித்து, அதே தோள்சீலைக்காகப் போராடிய சாதியில் பிறந்த ஒருவர், தமக்கும் கீழே வைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு நாயர் வீட்டு உடுப்பை உடுத்திக் கேமரா முன்னால் நிறுத்துகிறார். கல்லெறிந்தவர்களுக்கு ரோசியின் நடிப்பு மோசம் என்றா கோபம்? டானியேல் பெயரில் 1992 முதல் கேரள அரசு விருது கொடுக்கிறது. ரோசிக்காகக் கூகுள் தன் முகப்பில் படம் வரைந்தது 2023-ல். அசல் படத்தின் சுருள் ஒரு அடிகூட மிச்சமில்லை.

அமெரிக்காக்காரன் சண்டை என்கிறீர்களே, அங்கே நடந்ததையும் கேளுங்கள். ‘கான் வித் த விண்ட்’ படத்தின் முதல் காட்சி 1939 டிசம்பரில் அட்லாண்டாவில். அதில் வேலைக்காரியாக நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்கு அங்கே இடமில்லை. அடுத்த வருடம் அந்த வேடத்துக்கே ஆஸ்கர் கிடைத்தது, கறுப்பர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். விருது வாங்க வந்தவரைச் சுவரோரம் தனி மேஜையில் உட்காரவைத்தார்கள். கேப்பிட்டல் தியேட்டருக்கும் அட்லாண்டாவுக்கும் நடுவே ஏறக்குறைய பத்து வருடமும் ஒரு பெருங்கடலும் இருக்கின்றன. வாசலில் நின்று தடுத்தவர்களுக்கு ஒரே புத்தி.

திறமை தானாக மேலே வருமாம். பம்பாய் சினிமாவில் மேக்கப் போடுகிறவர்களின் சங்கம், பெண்களுக்கு அந்த வேலைக்கான உறுப்பினர் அட்டையே தராமல் வைத்திருந்தது. தலை அலங்காரம் செய்யலாம், முகத்தைத் தொடக்கூடாது! 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதட்டிய பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அதுவரை எந்தப் பெண்ணின் திறமையை யார் எடை போட்டுப் பார்த்தார்கள்? தமிழில் பி.ஆர். விஜயலட்சுமி 1985-லேயே கேமராவைக் கையில் எடுத்துவிட்டார். ஆஸ்கரிலோ, ஒளிப்பதிவுக்கு ஒரு பெண்ணின் பெயர் பரிந்துரைக்கப்படவே தொண்ணூறாவது விழா, 2018, வர வேண்டியிருந்தது. எண்பத்தொன்பது விழாக்களாக ஆண்களுக்கு மட்டும் நடந்தது இடஒதுக்கீடு இல்லையா? எழுதி வைக்காத ஒதுக்கீடு உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் முட்டத்தில் ஒரு ஷூட்டிங் பார்க்கப் போனேன். எந்த கம்பெனி என்று கேட்காதீர்கள். கதாநாயகிக்கு மீனவப் பெண் வேஷம். வடக்கே இருந்து வந்த பொண்ணு, நல்ல வெளுப்பு. கடற்கரை வெயிலில் வேர்வை வழிய, ஷாட்டுக்கு ஷாட் ஒருவர் ஓடிவந்து முகத்திலும் கையிலும் கறுப்பு பூசிக்கொண்டிருந்தார். அந்த நிறத்தோடேயே பிறந்த முட்டத்துப் பெண்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, “எங்க பிள்ளையளுக்கு இந்த மையே வேண்டாமே மக்களே” என்றார். திறமை பற்றி அன்று நான் கேட்ட ஒரே விமர்சனம் அதுதான்.

மத்தியானம் குரூப் டான்ஸ் பெண்கள் நாலு பேர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, கக்கூஸ் போக அனுமதி கேட்டார்கள். ஹீரோவுக்கு கேரவன் நின்றிருந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இதையெல்லாம் விசாரிக்க 2017-ல் நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். கழிப்பறை இல்லாததால் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோயை வாங்கிக்கொள்கிறார்கள் என்றுகூட அதில் இருக்கிறது. 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, சில பகுதிகளை மறைத்துவிட்டு வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். நாலரை வருடம் அலமாரியில் இருந்திருக்கிறது. இதில் திறமை எங்கே வந்தது? தாகம் தாங்குகிற திறமையா?

ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆள் கணக்குக் காட்டுவதற்காகக் கூட்டத்தில் ஒரு கறுப்பரையும் பின்னணியில் ஒரு பெண்ணையும் நிறுத்திவைத்தால் படம் உருப்படாது. அதை நானும் பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கிறேன். ஆனால் அது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம். அந்தக் கோபத்தை வாசலுக்கு வெளியே நிற்கிறவர்கள்மேல் காட்டாதீர்கள்.

பக்கம் வீணாயிற்று என்ற புகாருக்கு வருகிறேன். நாகர்கோவிலில் ராஜம்மாளைப் பார்த்தவர்கள், அண்டை வீட்டில் இருந்தவர்கள், அவர் பாடிக் கேட்டவர்கள் யாராவது இன்னும் இருந்தால் இந்த விலாசத்துக்கு நாலு வரி எழுதிப் போடட்டும். வேண்டாம் என்றால் பெயரைப் போடமாட்டோம். தக்கலை வாசகர் மன்னிக்க வேண்டும், அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குவதாக இருக்கிறேன்.