காத்திருக்கும் காரில் எஞ்சின் மாறினால்? – வாசகர் கேள்வி பதில்

புதிய காருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களின் கடிதங்களே இம்முறை மிகுதியாக வந்திருப்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட காருக்கு ஐந்து மாதங்களுக்கு முன் முன்பணம் கட்டினேன். மூன்று மாதத்தில் வண்டி வந்துவிடும் என்றார்கள். இப்போது ஷோரூமிலிருந்து அழைத்து, அந்த எஞ்சினின் தயாரிப்பு நிற்கப்போகிறது, அதற்குப் பதிலாக மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின் வரும், அதற்கு இன்னும் நான்கு மாதம் ஆகும் என்கிறார்கள். விரும்பினால், வேறொருவர் ரத்து செய்த பழைய எஞ்சின் வண்டி ஒன்றை இந்த வாரமே எடுத்துக்கொள்ளலாமாம். காத்திருப்பதா, இருப்பதை எடுப்பதா, பணத்தைத் திரும்பக் கேட்பதா?

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் ஆர்டர் கொடுத்தது நான்கு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய வண்டிக்கு; இப்போது தர முன்வருவது, பெயரும் உருவமும் ஒன்றாகவே இருந்தாலும், வேறொரு வண்டி. 'தாமதம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு செய்திகளையும் அடக்கிவிட இடம் கொடுக்காதீர்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொள்வது ஒரு முடிவு, எஞ்சின் மாற்றத்துக்குச் சம்மதிப்பது இன்னொரு முடிவு. ஆர்டர் படிவத்தை எடுத்து, அதில் எஞ்சினின் கொள்ளளவும் கியர்பாக்ஸின் வகையும் எழுதப்பட்டிருக்கின்றனவா, அல்லது மாடலின் பெயரும் நிறமும் மட்டும்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'முன்னறிவிப்பின்றித் தொழில்நுட்ப விவரங்களை மாற்றும் உரிமை தயாரிப்பாளருக்கு உண்டு' என்ற வரி பல படிவங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த வரி இருந்தால் உங்கள் வாதத்துக்கு வலுக் குறையும் என்றாலும், டெலிவரி எடுப்பதற்கு முன்பே எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்தவரின் நிலை, வண்டி வந்து நின்ற பிறகு மறுப்பவரின் நிலையைவிட எப்போதும் மேலானது.

எஞ்சின் இப்படி இடையில் மாறுவதற்குப் பெரும்பாலும் புகை மாசு விதிகளே காரணம். வரம்பு இறுக்கப்படும்போது, குறித்த தேதிக்குப் பிறகு பழைய எஞ்சின் வண்டிகளைப் புதிதாகப் பதிவு செய்ய இயலாது. விற்காமல் மீந்தவற்றுக்குச் சில நாடுகளில் சிறிது அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். புதிய எஞ்சின் தயாராகிவிட்டாலும் அரசின் சோதனைச் சான்று இல்லாமல் அதை விற்க முடியாது. ஐரோப்பாவில் டபிள்யூ.எல்.டி.பி. என்ற புதிய சோதனை முறை 2017 செப்டம்பரில் புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கும், 2018 செப்டம்பரில் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானபோது இந்தச் சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது. பழைய முறையில் 20 நிமிடமும் 11 கிலோமீட்டருமாக இருந்த ஆய்வகச் சோதனை, புதிய முறையில் 30 நிமிடமும் 23 கிலோமீட்டருமாக நீண்டது. சக்கர அளவும் கூடுதல் வசதிகளின் எடையும்கூடக் கணக்கில் சேர்ந்ததால், ஒரே எஞ்சினுக்குப் பல சோதனைகள் தேவைப்பட்டன. சான்றுக்காகக் காத்திருந்த ஆயிரக்கணக்கான கார்களை நிறுத்த இடமில்லாமல், அப்போது இன்னும் திறக்கப்படாதிருந்த பெர்லின் விமான நிலையத்தின் வாகன நிறுத்தங்களை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் வாடகைக்கு எடுத்தது. கார் கட்டி முடிக்கப்பட்டிருக்கும், பணம் கொடுத்தவரும் காத்திருப்பார், ஆனால் சாவி கைக்கு வராது என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது.

இனி உங்களுக்குத் தரப்படும் எஞ்சினைப் பார்ப்போம். மூன்று சிலிண்டர் என்றதும் முகம் சுளிப்பவர்களின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு அரைச் சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரியும்; மூன்று சிலிண்டரில் அந்த இடைவெளி மூன்றில் இரண்டு சுற்றாக நீள்கிறது. அதோடு, எஞ்சினின் முன்முனையும் பின்முனையும் மாறி மாறி எழுந்து தாழும் ஆட்டம் அதன் அமைப்பிலேயே உண்டு. இதைச் சமன் செய்யச் சிலர் தனியாக ஒரு சமநிலைத் தண்டைப் பொருத்துகிறார்கள், சிலர் கிராங்க் தண்டின் முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் எடையை வேண்டுமென்றே ஒரு பக்கம் கூட்டி வைக்கிறார்கள், சிலர் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டுகளை நம்பி விட்டுவிடுகிறார்கள். ஆகவே மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் எல்லாம் ஒன்றுபோல் அதிர்வதில்லை. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மறுபக்கம், உராயும் பாகங்கள் குறைவு என்பதால் எரிபொருள் மிச்சமாகிறது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இருப்பதால் குறைந்த சுழற்சி வேகத்திலேயே இழுவை கிடைத்து, அடிக்கடி கியர் குறைக்க வேண்டியிராது. ஆனால் ஆக்ஸிலேட்டரை எப்போதும் ஆழ அழுத்தி ஓட்டுபவருக்கு அந்த மிச்சம் கரைந்துபோகும்.

நீங்கள் கேட்டே தீர வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு, அதை ஷோரூமில் யாரும் தாமாகச் சொல்வதில்லை: புதிய எஞ்சினில் வால்வுகளைக் கிராங்க் தண்டோடு இசைந்து இயங்கச் செய்வது டைமிங் செயினா, டைமிங் பெல்ட்டா? பெல்ட் என்றால் அது உலர்ந்த நிலையில் ஓடுகிறதா, எண்ணெயில் நனைந்தபடி ஓடுகிறதா? எண்ணெயில் ஓடும் பெல்ட் தவறான தர எண்ணெயாலோ, மாற்ற வேண்டிய காலம் கடந்த எண்ணெயாலோ மெல்லச் சிதையத் தொடங்கினால், அதன் துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்து, எஞ்சினுக்கே எண்ணெய் போகாமல் செய்துவிடும். இதனால் அந்த எஞ்சினை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தர எண்ணெய், எத்தனை கிலோமீட்டரில் பெல்ட் மாற்றம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என் முடிவைக் கேட்டீர்கள். வண்டியை எட்டு, பத்து ஆண்டுகள் வைத்திருப்பவர் நீங்கள் என்றால், ரத்தாகி நிற்கும் பழைய எஞ்சின் வண்டி உங்களுக்கு வேண்டிய வேரியன்ட்டாகவே இருந்தால், அதை எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் ஓடிய எஞ்சினின் குறைகள் தெரிந்தும் திருத்தப்பட்டும் இருக்கும், அதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் நிறையப் பேர் இருப்பார்கள். மூன்று, நான்கு ஆண்டுகளில் மாற்றிவிடுபவர் என்றால் புதிய எஞ்சினே பொருத்தம், ஏனெனில் பழைய மாசு விதிக்கு உட்பட்ட வண்டிக்கு மறுவிற்பனையில் மதிப்புக் குறையக்கூடும். ஆனால் ஓட்டிப் பார்க்காத எஞ்சினுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டாம். டெஸ்ட் டிரைவ் வண்டி வரும்வரை பொறுங்கள். வந்ததும் குடும்பத்தினர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, மெதுவாக ஊரும் நெரிசலிலும் ஒரு மேட்டிலும் ஓட்டிப் பாருங்கள். தனியாளாக வெறும் சாலையில் ஓட்டினால் எல்லாக் காரும் நன்றாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஒரு சிறிய சிப் இல்லாததால் முழுக் காரும் நிற்கிறது என்கிறார்களே, இது நம்பத்தக்கதா?

பதில்: நம்பத்தக்கதுதான். இன்றைய காரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்கள் இருக்கின்றன. கண்ணாடி ஏற்றும் மோட்டார் முதல் எஞ்சினுக்குள் எரிபொருள் பீய்ச்சும் கட்டுப்பாடு வரை எல்லாம் அவற்றை நம்பியே இயங்குகின்றன. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் விற்பனை விழுந்தபோது கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களைக் குறைத்தன. அந்த இடத்தைக் கணினியும் கைப்பேசியும் செய்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கார்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது பழைய தலைமுறைச் சிப்களை என்பதால், அவற்றுக்காகப் புதிய ஆலை கட்ட எவரும் அவசரப்படவில்லை. ஒரு சிப் ஆலைக்குள் நுழைந்து முழுமை பெற்று வெளிவரவே மாதக்கணக்கில் ஆகும். இந்த நிலையில் 2021 மார்ச்சில் ஜப்பானில் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீப்பிடித்தது, உலகெங்கும் கார் ஆலைகள் தடுமாறின.

சிப் மட்டுமல்ல. 2011ஆம் ஆண்டு ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பின், காரின் பெயின்ட்டுக்கு மினுமினுப்புத் தரும் ஒருவகை நிறமியைச் செய்து வந்த ஒரே ஆலை நின்றுபோக, சில கறுப்பு, சிவப்பு நிறங்களுக்கான ஆர்டர்களை ஃபோர்டு நிறுத்திவைத்தது. 2022இல் உக்ரைனில் போர் தொடங்கியபோது நின்றது வயர் ஹார்னஸ், அதாவது கார் முழுவதும் ஓடும் மின்கம்பிக் கட்டு. ஒவ்வொரு காரிலும் கேட்கப்பட்டிருக்கும் வசதிகளுக்கு ஏற்பக் கையாலேயே கோக்கப்படும் பாகம் இது. முன்கூட்டியே செய்து குவித்து வைக்க முடியாது.

இதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. அரிதான நிறம், அரிதான இருக்கைத் துணி, தனியாகச் சேர்க்கும் வசதி என்று கூட்டக் கூட்ட, ஏதோ ஒரு பாகத்துக்காக உங்கள் வண்டி நிற்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஷோரூமில் 'எத்தனை மாதம்?' என்று பொதுவாகக் கேட்பதைவிட, 'இதே வேரியன்ட்டில் எந்த நிறம், எந்த வசதி தடையாக இருக்கிறது? என் பெயருக்கு ஆலையில் தயாரிப்பு வாரம் ஒதுக்கப்பட்டுவிட்டதா?' என்று கேளுங்கள். வாரம் ஒதுக்கப்படாத ஆர்டருக்குச் சொல்லப்படும் டெலிவரித் தேதி வெறும் மதிப்பீடுதான்.

கேள்வி: ஒரு வசதி இல்லாமல் காரை இப்போதே தருவதாகவும், பிறகு அதைப் பொருத்தித் தருவதாகவும் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இது புதிய வழக்கமல்ல. 2021இல் பெஜோ நிறுவனம் 308 மாடலில் டிஜிட்டல் திரைக்குப் பதிலாக முள் காட்டும் பழைய ஸ்பீடோமீட்டரைப் பொருத்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் சில மாடல்களில் சூடாகும் இருக்கைகளை நீக்கியது. 2022இல் ஜப்பானில் டொயோட்டா இரண்டு ஸ்மார்ட் சாவிகளில் ஒன்றுக்குப் பதிலாகச் சாதாரணச் சாவியைக் கொடுத்தது. ஆகவே கேட்பதில் தவறில்லை. ஒப்புக்கொள்வதற்கு முன், அந்த வசதிக்கான வயரிங் வண்டியில் இப்போதே இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பாகம் வந்ததும் பொருத்துவது எளிது. இல்லையென்றால், பிறகு பொருத்துவது என்பது டேஷ்போர்டையே கழற்றும் வேலையாகிவிடும். அந்த நிலையில் வாக்குறுதியைவிட விலைக் குறைப்பே உங்களுக்கு நல்லது. பிரேக், ஏர்பேக், ஓட்டுநரை எச்சரிக்கும் சென்சார் போன்ற பாதுகாப்பு வசதிகளை மட்டும் எந்த விலைக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: டீசல் எஞ்சின் நிறுத்தப்படும் என்பதால் கடைசி வண்டிகளில் ஒன்றை அவசரமாக ஆர்டர் செய்ய நினைக்கிறேன். தினமும் ஓட்டுவது ஆறு கிலோமீட்டர்தான்.

பதில்: வேண்டாம். புதிய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை எரித்து நீக்க, எஞ்சின் நன்றாகச் சூடாகிச் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். ஆறு கிலோமீட்டரில் அது நடக்காது. எரிக்கும் முயற்சி பாதியில் நின்றுகொண்டே இருந்தால், அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசல் எஞ்சின் எண்ணெயில் கலந்து, எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோலோ மின்சாரமோ போதும்.

கேள்வி: காத்திருந்த காலத்தில் விலை ஏறிவிட்டது. ஆர்டர் கொடுத்த நாளின் விலையைக் கேட்க முடியுமா?

பதில்: படிவத்தில் 'டெலிவரி நாளில் நடப்பில் உள்ள விலை' என்று இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், உரிமையாகக் கோருவது கடினம். ஆனால் ஓர் எஞ்சின் மாற்றத்துக்கு உங்கள் சம்மதத்தை அவர்கள் எதிர்பார்க்கும் தருணத்தில், பழைய விலையில் தருவதாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்பது முற்றிலும் நியாயம். ஆர்டரை ரத்து செய்தால் முன்பணம் முழுவதும் திரும்புமா, எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஒருவழியாக வண்டி வந்துவிட்டது என்று அழைத்திருக்கிறார்கள். பதிவுக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பணத்தின் மீதியைக் கட்டுவதற்கு முன் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் நேரில் பாருங்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணத்தில் உள்ளவையோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 17 இடங்கள் கொண்ட சேசிஸ் எண்ணில் பத்தாவது இடம் மாடல் ஆண்டைக் குறிப்பது பல நிறுவனங்களின் வழக்கம், எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்வதில்லை என்பதால் தயாரிப்பு மாதத்தையும் எழுத்தில் கேளுங்கள். ஏதோ ஒரு பாகத்துக்காக மாதக்கணக்கில் வெட்டவெளியில் நின்ற வண்டியாக இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். நின்றே இருந்த வண்டியில் பேட்டரி முழுவதும் வடிந்து வலுவிழந்திருக்கக்கூடும். அதைச் சோதித்து அறிக்கை தரச் சொல்லுங்கள், தேவையானால் மாற்றச் சொல்லுங்கள். பிரேக் தட்டில் மேலோட்டமாகப் படிந்திருக்கும் துரு சில முறை பிரேக் பிடித்ததும் போய்விடும்; குழி விழுந்திருந்தால் மட்டும் டெலிவரியை ஒத்திவையுங்கள்.