பழைய நகைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? வாசகர் கேள்விகள்

பக்கத்து வீட்டில் பாட்டி காலத்து கெம்பு அட்டிகையை விற்கிறார்கள். 40 கிராம். இன்றைய 22 கேரட் விலையில் பத்து சதவீதம் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

அந்த 40 கிராம் மொத்த எடை. அதில் தங்கம் எவ்வளவு என்று யாராவது சொன்னார்களா? பழைய கல் நகைகளில் கல்லுக்கு அடியிலும், குழிவான பாகங்களுக்கு உள்ளேயும் அரக்கு நிரப்பியிருப்பார்கள். மேலே தங்கத் தகடு மெல்லியதாகத்தான் இருக்கும். கல்லும் அரக்கும் 6 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகர எடை 34. அடுத்தது டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற கணக்கு. அந்தக் காலத்தில் பற்றவைக்கப் போட்ட பொடியில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். இணைப்புகள் அதிகமான நகையை உருக்கினால் டச் 86 வரைகூட இறங்கலாம். 34 கிராமுக்கு 86 டச் என்றால் சுத்தத் தங்கம் 29.24 கிராம். அதை 22 கேரட்டாக மாற்றினால் 31.92 கிராம். நீங்கள் விலை கொடுக்கப்போவது 40 கிராமுக்கு. இடையில் 8 கிராம், ஒரு முழு சவரன், கல்லுக்கும் அரக்குக்கும் குறைந்த டச்சுக்கும் போகிறது. அவர்கள் தரும் பத்து சதவீதத் தள்ளுபடி வெறும் 4 கிராம்தான்.

மொத்த எடைக்குத் தங்க விலை போடுவதைப் போல எனக்கு ஆத்திரம் தருவது வேறு எதுவும் இல்லை. தங்கசாலை ஆனாலும் எம்.சி. ரோடு ஆனாலும், விற்கும்போது கல்லையும் சேர்த்து எடை போடுகிறவர், அதே நகையைத் திருப்பி வாங்கும்போது கல்லைக் கழித்துவிட்டுத்தான் தராசைத் தொடுவார். அப்போது மட்டும் கணக்குத் தெரிகிறது! மொத்த எடை, கல் எடை, நிகர எடை, டச் நான்கும் தனித்தனியாக எழுதாத சீட்டை வாங்காதீர்கள்.

பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்துக்குப் போங்கள். நான்கு நகைகள் வரை சோதிக்கக் கட்டணம் 200 ரூபாய். எக்ஸ்ரே மெஷின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். அதனால் முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, பற்றவைத்த இடம் என்று நான்கு இடத்திலாவது வைக்கச் சொல்லுங்கள். அரக்கின் எடையை மெஷின் சொல்லாது. நம்பிக்கையான ஆசாரியிடம் ஒரு கல்லைக் கழற்றிக் காட்டி, உள்ளே எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள்.

*

செயினில் ‘916’ என்று மட்டும் இருக்கிறது. பழைய ஹால்மார்க் என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், தண்டையார்பேட்டை

916 என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், அதாவது 22 கேரட். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் குத்தலாம். பழைய ஹால்மார்க் என்றால் பி.ஐ.எஸ். முக்கோணம், தரம், சோதித்த மையத்தின் குறி, கடையின் குறி என நான்கும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், எச்.யு.ஐ.டி. என்ற, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியான, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இல்லாத தங்க நகையைக் கடையில் விற்கவே கூடாது. 2 கிராமுக்குக் குறைந்தவை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. எச்.யு.ஐ.டி. இருந்தால் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். கையில் செயின் இருக்க, திரையில் மோதிரம் என்று வந்தால் அந்த எண் வேறு நகையிலிருந்து திருடப்பட்டது.

*

பழைய நகைக்கும் செய்கூலி, சேதாரம் கேட்கிறார்கள்.
– வாசகி, கொருக்குப்பேட்டை

சேதாரம் முதன்முதலில் செய்தபோதே முடிந்துவிட்டது. மெருகு போட்டதற்குக் கூலி கேட்டால் கொடுங்கள். மற்றது கிடையாது.

*

தெரிந்தவர் மூலம் ஒரு வளையல் ஜோடி பாதி விலைக்கு வாங்கினேன். அடகில் மூழ்கியதாம். பில் இல்லை. பிரச்சினை வருமா?
– வாசகர், ராயபுரம்

பாதி விலைக்கு ஏன் தருகிறார் என்று வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டும். ஏலத்தில் போன நகைக்கு ஏலச் சீட்டு இருக்கும். அதைக் கேளுங்கள். விற்றவரின் அடையாள அட்டை நகலும், நகையின் விவரம், எடை, தொகை எழுதிக் கையெழுத்திட்ட கடிதமும் வாங்குங்கள். தர மறுத்தால் வளையலை அணியவும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம், காவல் நிலையத்தில் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். திருட்டு நகை என்றால் போலீஸ் பறிமுதல் செய்யும், கொடுத்த பணம் திரும்பாது. தெரிந்தே வாங்கினால் குற்றம்.

*

ஓய்வூதியப் பணத்தில் மகளுக்கு 24 கிராம் ஆரம் வாங்கினேன். பில்லில் 22 கேரட், எச்.யு.ஐ.டி.யும் இருக்கிறது. இன்னொரு கடை மெஷினில் 84 காட்டுகிறது. உருக்கிப் பார்த்துவிடவா?
– வாசகர், பெரம்பூர்

ஐயா, தயவுசெய்து உருக்காதீர்கள். உருக்கினால் சாட்சியே போய்விடும். இன்னொரு கடை மெஷின் சொன்னது ஆதாரமாக நிற்காது. ஹால்மார்க் மையத்தில் சோதித்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். குறைவு உறுதியானால், குறைந்த தரத்தின் மதிப்பைப்போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் பி.ஐ.எஸ். விதிப்படி உங்களுக்குச் சேர வேண்டும். 916 இருக்க வேண்டிய இடத்தில் 840 என்று ஆயிரத்துக்கு 76 குறைந்தால் 24 கிராமில் 1.824 கிராம். இரண்டு மடங்கு 3.648 கிராமின் விலை. கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். மசியவில்லை என்றால் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. தவறு உங்களுடையது அல்ல. பில் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள், அதுதான் உங்கள் பலம்.

*

காசு மாலையில் ராஜா தலை போட்ட காசுகள். அசல் சவரனா?
– வாசகி, திருவொற்றியூர்

அசல் பிரிட்டிஷ் சவரன் 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், 22 கேரட். காசு மாலைகளில் பெரும்பாலும் இருப்பது அச்சில் அடித்த மெல்லிய தகடு. அசலாகவே இருந்தாலும் வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளர் விலை கிடைக்காது. தங்க விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

*

பழைய வைரத்தோடு. டெஸ்டர் பேனா ‘பீப்’ அடித்தது. போதுமா?
– வாசகி, வியாசர்பாடி

போதாது. அது வெப்பம் கடத்துவதை மட்டும் பார்க்கும். வைரம் போலவே தோன்றும் மாய்சனைட் என்ற கல்லுக்கும் அடிக்கும், ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் அடிக்கும். பின்பக்கம் மூடிக் கட்டிய தோட்டில் கல்லுக்கு அடியில் தகடு வைத்து மஞ்சள் நிறத்தை மறைத்திருக்கலாம். கல்லைக் கழற்றி, கேரட்டில் (இது தங்கத்தின் தரமல்ல, கல்லின் எடை அளவு) எடை போட்டு, ஆய்வகச் சான்றிதழ் வாங்கிய பிறகு விலை பேசுங்கள். கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் தங்கத்துக்கு மட்டும் விலை சொல்லுங்கள்.