கூலிக் கணக்கைக் கேட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

மக்கள் இயக்கங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறீர்கள். அவற்றால் அரசை எதிர்க்க முடியும். நலிந்த ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்தை நிமிர்த்த முடியுமா? அதற்கு முதலீடும் தொழிற்சாலையும்தானே வேண்டும்? கொடி பிடித்தவர்களால் எந்த வீட்டில் உலை கொதித்தது?

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

உலை கொதித்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். இன்றைய ராஜஸ்தானின் ராஜ்சமந்த் மாவட்டத்தில், பீம் என்னும் ஊரில், 1990ஆம் ஆண்டு மே தினத்தன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு தொடங்கப்பட்டது. சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பணியைத் துறந்த அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அருகிலுள்ள தேவ்துங்ரியில் ஒரு மண் வீட்டில் குடியேறி, ஊர் மக்களோடு வாழத் தொடங்கியிருந்தார்கள்.

அது மழை பொய்க்கும் பூமி. வறட்சி நிவாரணப் பணியில் மண் வெட்டியவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிகூடக் கைக்கு வரவில்லை. கேட்டால், நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை என்று பதிவேடு சொல்கிறது என்றார்கள். அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான், கூலிச் சண்டை கணக்குச் சண்டையாக மாறியது.

1994 டிசம்பர் 2 அன்று கோட்கிரானாவில் முதல் ஜன் சுன்வாயி, அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. இத்தகைய விசாரணைகளில் மஸ்டர் ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர்களையும் கூலியையும் குறிக்கும் பதிவேட்டில், உள்ள பெயர்களை ஊரின் நடுவே ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார்கள். வேலைக்கே போகாதவர்களும், ஊரை விட்டுப் போனவர்களும், இறந்துபோனவர்களும் கூலி வாங்கியதாக எழுதப்பட்டிருப்பது அப்போது வெளியே வரும். எழுத்தறியாத பெண்களும் எழுந்து, இவர் அந்த வேலைக்கு வரவேயில்லை என்று சொல்வார்கள். ஏட்டைப் படிக்கத் தெரியாவிட்டாலும், யார் யாரோடு கூடை சுமந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியும் அல்லவா?

1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பதே அவர்களுடைய முழக்கம். அரசுக் கணக்கைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தரும் ராஜஸ்தான் மாநிலச் சட்டம் 2000இலும், நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலும் வந்தன. நம் ஊரில் நூறு நாள் வேலை என்று சொல்லப்பட்ட ஊரக வேலை உறுதித் திட்டத்தின் சட்டமும் அதே ஆண்டில்தான் இயற்றப்பட்டது. கிராம சபையின் சமூகத் தணிக்கை, அதாவது ஊர் மக்களே கணக்கைச் சரிபார்ப்பது, அந்த வேலை உறுதிச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

அங்கே தொழிற்சாலை எழவில்லை என்பதையும், பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவது நிற்கவில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் முழுதாகக் கிடைத்த கூலி உள்ளூர் மளிகைக் கடைக்கும், மாவு மில்லுக்கும், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் அதே வாரத்தில் போய்ச் சேரும். ஒரு வறண்ட வட்டாரத்தில் வாங்கும் சக்தி என்பது முதலில் இதுதான். முதலீடு வரட்டும் என்றே நானும் சொல்கிறேன். ஏற்கெனவே உழைத்துச் சேர்த்த கூலியைத் திருட்டிலிருந்து மீட்டவர்களின் வேலையைப் பொருளாதார வேலை அல்ல என்று மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.