தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் எதை முதலில் அகற்றுவது?

கேள்வி: என் மகனுக்கு எட்டு மாதம், இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறான். போன வாரம் வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர், குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகள் உள்ள கருவியை வைத்துக் காட்டினார். தண்ணீர் பழுப்பாகிச் சேறு போல ஆனது. அவர் கொண்டுவந்த தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. “வீட்டில் இருக்கும் கிளீனர், சோப்பு, பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் இதே விஷம்தான்” என்று சொல்லி, மொத்தத்துக்கும் மாற்றாக ஒரு ‘கெமிக்கல் ஃப்ரீ’ தொகுப்பை வாங்கச் சொல்கிறார். தவணையும் உண்டாம். வாங்கலாமா? எதை முதலில் தூக்கிப் போடுவது?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பழுப்பு நிறம் தண்ணீரிலிருந்து வந்ததல்ல, அவருடைய கம்பியிலிருந்து வந்தது. இரண்டில் ஒன்று இரும்பு. குழாய்த் தண்ணீரில் இயல்பாகவே உப்புகள் கரைந்திருக்கும். அதனால் மின்சாரம் பாயும், இரும்பு அரித்துத் துருவாக மிதக்கும். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் அரிக்காது. அடுத்த முறை வந்தால், அவருடைய சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். இந்தக் கம்பி வித்தை எத்தனையோ ஆண்டுகளாக வீடு வீடாக ஏறி இறங்குகிறது, கேட்பாரில்லை.

‘இயற்கையானது’ என்று அவர் நீட்டும் பாட்டிலுக்கும் இதே எச்சரிக்கைதான். எலுமிச்சை மணமும் பைன் மணமும் தரும் எண்ணெய்கள் செடியிலிருந்தே எடுத்தவை என்றாலும், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து விற்கும் ‘அதிசய’ கிளீனரோ நன்றாக நுரைக்கும், அவ்வளவுதான். ஒன்றை ஒன்று சமன்செய்துகொண்டு உப்புத் தண்ணீராகிவிடும்.

சரி, உங்கள் கவலைக்கு வருவோம். தவழும் குழந்தை தரையில் வாழ்கிறது, கையை வாயில் வைக்கிறது. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் தாலேட்டுகள், மெத்தையிலும் மின்சாதனங்களிலும் சேர்க்கப்படும் தீத்தடுப்பு ரசாயனங்கள், பழைய பெயின்ட்டின் ஈயம் எல்லாம் கடைசியில் வந்து படிவது வீட்டுத் தூசியில். அதனால் தரையை உலர்ந்த துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைக்கு ஊட்டும் முன் அதன் கையைக் கழுவுங்கள். தரை கிளீனரை மூடியால் அளந்து ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் சுத்தம் வராது, மிச்சம் தரையில் ஒட்டியிருக்கும். துடைத்த பின் வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, காய்ந்த பிறகு குழந்தையை விடுங்கள்.

அடுத்தது வாசனை. அறை நறுமண ஸ்பிரே, வாசனை மெழுகுவத்தி, துணிக்குப் போடும் வாசனைத் திரவம் எதுவுமே சுத்தம் செய்வதில்லை. லேபிளில் ‘நறுமணம்’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் பத்துக் கணக்கில் பொருள்கள் ஒளிந்துகொள்ள அனேக நாடுகளில் சட்டமே இடம் தருகிறது. வாங்குபவர் வேதியியல் படித்திருந்தாலும் பயனில்லை, படிக்க அங்கே ஒன்றும் எழுதியிருக்காது. இவற்றுக்கு மாற்றுத் தேடாதீர்கள், நிறுத்திவிடுங்கள். ஜன்னல் போதும்.

கிருமி கொல்லும் சோப்பும் அப்படித்தான். சாதாரண சோப்பைவிட அது மேலானது என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்று கூறி, டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அத்தகைய சோப்புகளிலிருந்து 2016-ல் விலக்கியது. இந்த விதியின் வரைவு வந்தது 1978-ல். இடையில் ஒரு தலைமுறையே கை கழுவி முடித்துவிட்டது.

பிளாஸ்டிக்கில் சூடான உணவையும் எண்ணெய்ப் பண்டத்தையும் வைக்காதீர்கள். கண்ணாடி, எவர்சில்வர் போதும். ‘பிபிஏ இல்லை’ என்ற வாசகத்தைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம். பிபிஏ என்பது கெட்டிப் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ரசாயனம், ஹார்மோன்களைக் குலைக்கும் என்று அதன் மீது சந்தேகம். ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் பால்புட்டிகளில் பிபிஏவைத் தடை செய்தது. ஆனால் பல பொருள்களில் அதன் இடத்தைப் பிடித்தது பிபிஎஸ் என்ற அதன் பங்காளி. அதைப் பற்றியும் இப்போது அதே சந்தேகம். ஒன்றைத் தடை செய்தால் அடுத்ததை இறக்குவார்கள், அதை ஆராய இன்னொரு பத்தாண்டு.

இவை எதிலும் அவசரம் இல்லை. இருப்பதைத் தீர்த்துவிட்டு மெதுவாக மாறலாம். ஒன்றுக்கு மட்டும் விலக்கு: அலமாரியில் போடும் அந்துருண்டை, பாச்சை உருண்டை என்றும் சொல்வோம். அதை இன்றே அகற்றுங்கள். பெரும்பாலும் நாஃப்தலீன் என்ற ரசாயனத்தால் ஆன உருண்டை அது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு நாஃப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறை உண்டு. ஆண் பிள்ளைகளிடம் அதிகம். பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. உருண்டையை விழுங்கினால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். உருண்டையோடு மடித்து வைத்த துணியில் சுற்றிய பச்சிளங்குழந்தைகளுக்கே மஞ்சள் காமாலையும் ரத்தசோகையும் வந்திருக்கின்றன. அந்த ஆவி தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும். அலமாரித் துணிகளைத் துவைத்து, வாசனை போகும்வரை வெளியில் காற்றாட விட்ட பிறகே குழந்தைக்குப் பயன்படுத்துங்கள். பதிலுக்குக் கற்பூரம் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம். குழந்தையின் முகம் வெளிறி, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய், அந்துருண்டை இருந்ததை நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்காமல் போகலாம்.

பிளீச்சையும் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாகவும் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு வரும். வினிகர் சேர்ந்தாலும் வரும். எந்த கிளீனரையும் பழைய தண்ணீர் பாட்டிலில் மாற்றி ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை ஏதாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். வாயில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட்டு, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.