சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதும் முறை இந்தியாவில் ஏன் நிலைக்கவில்லை?

முயன்று பார்த்தார்கள், உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 2020இல் கொரோனாவால், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட் தள்ளிக்கொண்டே போனது. ஓராண்டு வீணாகுமே என்று பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, செப்டம்பர் 3 அன்று என்எல்ஏடி என்ற தனித் தேர்வை அறிவித்தது. தேர்வு செப்டம்பர் 12. வீட்டிலிருந்தே எழுதலாம், 45 நிமிடம்.

அவகாசம் வெறும் ஒன்பது நாள். அதற்குள் கணினி, வெப்கேமரா, நடுவில் அறுந்துபோகாத இணையம், முக்கால் மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்காத ஓர் அறை, எல்லாம் தயாராக வேண்டும். ஒரே அறையில் குடும்பமே வசிக்கும் வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? பாடமே படிக்காதவனைவிட அந்தப் பிள்ளைக்குத்தான் இதில் கஷ்டம் அதிகம். எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் பட்டது. கேள்விகள் வாட்ஸ்ஆப்பில் உலவியதாகவும் புகார் எழுந்தது.

அந்தப் பள்ளியின் முன்னாள் துணைவேந்தர் ஆர். வெங்கட ராவும் மாணவர் ஒருவரின் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். செப்டம்பர் 21இல் தீர்ப்பு வந்தது. கிளாட்டை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில் இருந்துகொண்டே, அதன் விதிகளை மீறித் தனித் தேர்வு நடத்தியது தவறு. வீட்டுத் தேர்வில் வெளிப்படைத்தன்மையும் நேர்மையும் காக்கப்படாது. செப்டம்பர் 28இல் மையங்களில் நடந்த கிளாட் மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடந்தது.

இப்போது கிளாட், மையத்தில் தாளில் எழுதும் தேர்வு: 120 நிமிடம், 120 கேள்வி, தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு. வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதும் திரையை விட்டுத் தாளிலேயே பழகுங்கள்.