ஜனவரியிலும் பார்பிகியூ போடலாம், கராஜுக்குள் மட்டும் வேண்டாம்

தம்பி, ஓகஸ்டில் வவுனியாவிலிருந்து வந்து, கோடை முடிகிற நேரம் மலிவு விலையில் ஒரு காஸ் பார்பிகியூ வாங்கினதாக எழுதியிருக்கிறீர்கள். இப்ப கனடாவில், ஸ்காபரோவில் −12 பாகை செல்சியஸ், சுவாலை எழும்புதே இல்லை, அக்கம்பக்கத்தார் தங்கட அடுப்புகளை உறை போட்டு மூடிவிட்டார்கள், கராஜுக்குள் இழுத்து வைத்துக் கதவைத் திறந்துவிட்டுச் சமைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கராஜ் கதையை முதலில் முடிப்போம். கூடாது. கதவு முழுக்கத் திறந்திருந்தாலும் கூடாது. வந்த இரண்டாவது வருடம், ஸ்நோ கொட்டுகிறதே என்று நானும் அதைத்தான் செய்தேன். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, வீட்டுக்குள் கார்பன் மொனொக்சைட் அலாரம் அலறத் தொடங்கிவிட்டது. மனுசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சப்பாத்துப் போடாமலே ஸ்நோவுக்குள் ஓடினா. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கராஜிலிருந்து வீட்டுக்குள் போகிற கதவின் இடுக்கால் தன்பாட்டில் போய்விடும். அன்றைக்கு அந்தக் கோழியில் ஒருவரும் கை வைக்கவில்லை. காஸ் சிலிண்டரையும் கராஜிலோ பேஸ்மென்டிலோ வைக்காதீர்கள். மாரியோ கோடையோ, அது வெளியில் நிமிர்ந்து நிற்க வேண்டிய சாமான்.

சரி, சுவாலை ஏன் எழும்பவில்லை? சிலிண்டருக்குள் இருக்கிற புரொப்பேன் திரவம். அது −42 பாகையில்தான் கொதிக்கும், அதனால் −12 இல் செத்துப்போகாது. ஆனால் குளிரக் குளிர உள்ளே அழுத்தம் குறையும். போதாததற்கு, காஸ் வெளியே போகப் போகச் சிலிண்டர் தானும் குளிரும். உள்ளே திரவம் குறைவாக இருந்தால் இன்னும் மோசம். ஓகஸ்டில் நன்றாக எரிந்த கால்வாசிச் சிலிண்டர் ஜனவரியில் சோர்ந்து போகிறது இதனால்தான். மாரியில் நான் நிறைந்த சிலிண்டரோடுதான் தொடங்குவேன். சின்ன மேசை அடுப்புக்குப் போடுகிற பியூட்டேன் குப்பியை நம்பி வெளியே இறங்காதீர்கள், அது பூச்சியத்தை அண்டினவுடனேயே படுத்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு, குளிர் என்று எல்லாரும் நினைப்பது பாதி நேரம் இதுதான். கைவிறைப்பில் சிலிண்டர் வால்வைச் சடாரென்று திறந்தால், எங்கேயோ காஸ் ஒழுகுகிறது என்று எண்ணி ரெகுலேற்றர் காஸ் வருவதைக் குறைத்துவிடும். அடுப்பின் எல்லாத் திருகுகளையும் சிலிண்டர் வால்வையும் மூடி, குழாயைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, குழாயைத் திரும்ப மாட்டி, வால்வை மெதுவாகத் திறந்து பாருங்கள். பற்றவைக்கும்போது மூடி திறந்திருக்க வேண்டும். இந்த வித்தையை எனக்குக் காட்டித் தந்தது பக்கத்து வீட்டுப் போர்த்துக்கேயக் கிழவர். அவர் ஒரு மாரிக்கும் உறை போட்டதில்லை.

இனி சமையல். காற்று அடுப்பின் பின்பக்கத்தால் அடிக்க விடாதீர்கள், சூடு முழுக்க உங்கள் பக்கம் திருகுகளுக்கு வந்துவிடும். பக்கவாட்டில் படும்படி திருப்பி வையுங்கள். மறைவு தேடி வீட்டுச் சுவரோடு ஒட்டவும் வேண்டாம், நான் 3 மீற்றர் விடுகிறேன். கோடையில் பத்து நிமிடத்தில் சூடேறுகிற அடுப்புக்கு இப்ப இருபது, இருபத்தைந்து நிமிடம் கொடுங்கள். பிறகு மூடியைத் தொடாதீர்கள். கறிச்சட்டியைக் கிளறுகிற கை எங்களுக்கு, இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கால் திறந்து பார்க்கச் சொல்லும். திறக்கிற ஒவ்வொரு முறையும் சூடு வானத்துக்குப் போய்விடும். எலும்போடு இருக்கிற பெரிய துண்டுகளைத் தவிர்த்து, எலும்பில்லாத கோழித்தொடை இறைச்சியை மெல்லிசாக வெட்டி, மிளகாய்த்தூளும் தயிரும் பிரட்டி எடுங்கள். கெதியாக வெந்துவிடும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முதலே இருட்டத் தொடங்கிவிடுவதால் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல ஏலாது. தலையில் மாட்டுகிற ரோர்ச் ஒன்றும் இறைச்சிக்குக் குத்துகிற தெர்மோமீற்றர் ஒன்றும் வாங்குங்கள். கோழித்துண்டு உள்ளே 74 பாகை வர வேண்டும்.

பளபளக்கிற அந்தப் புது விண்டர் ஜக்கெற்றோடு அடுப்படிக்குப் போகாதீர்கள், ஒரு பொறி பட்டாலே உருகி ஓட்டை விழும். பழைய கம்பளிச் சட்டை போதும். கழுத்துத் துண்டின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். நிற்கிற இடத்தில் உப்புப் போட்டு ஐஸைக் கரையுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும், கொண்டோ (மாடிக் குடியிருப்பு) என்றால் நிர்வாகத்திடமும் முதலே கேட்டுவிடுங்கள்.

பார்பிகியூவின் பக்கத்தில் சின்ன அடுப்பு ஒன்று இருக்கும், அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். மூடி இல்லாததால் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு தைப்பொங்கலுக்கு, ஊரில் போல முற்றத்தில்தான் பொங்குவேன் என்று அடம்பிடித்துப் பானையை அதில் ஏற்றினேன். முக்கால் மணித்தியாலம் நின்றும் பால் அசையவில்லை, என் மீசைதான் உறைந்தது. கடைசியில் மனுசி வந்து பானையை உள்ளே தூக்கிக்கொண்டு போனா. பொங்கினது குசினியில்தான். சூரியனுக்குப் படைக்க மட்டும் வெளியே கொண்டுவந்தோம், அன்றைக்கு அவரையும் காணவில்லை.